அண்ணன் வண்டி திரும்பவில்லை

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் மழை. மாடியில் காய்ந்த யூனிஃபார்ம் மறுபடி நனைந்தது. கெமி டெஸ்ட் தள்ளிப்போட்டாச்சு. அப்பா நைட் ஷிஃப்ட்.

அண்ணன் வண்டி இன்றைக்கும் சரியாகத் திரும்பவில்லை. ரிமோட் வண்டிதான். ஆனால் பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். மான்ஸ்டர் டிரக். ஒவ்வொரு சக்கரமும் என் டிபன் பாக்ஸை விடப் பெரிசு. டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல், வெயிலில் சாப்பாடு டெலிவரி ஓடி வாங்கியது. நேராகப் பறக்கிறது. திருப்பினால் மட்டும் முன்சக்கரம் யோசித்து யோசித்துத் திரும்புகிறது. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கீழ்வீட்டுக் குட்டி யாழினி நின்ற பக்கமே போய், சைக்கிள் ஒன்றில் மோதி நின்றது. யாழினி கைதட்டினாள். அவள் அம்மா தட்டவில்லை.

திலீப் அண்ணா வந்திருந்தார். அண்ணனுடைய சிநேகிதர், வீடு கள்ளிக்குப்பம். "சர்வோ வீக்காயிட்ச்சு மச்சான். வேற போட்டுக்கினா சும்மா சல்லுனு திரும்பும்." சர்வோ என்றால் முன்சக்கரங்களைத் திருப்பிவிடுகிற சின்ன மோட்டாராம். அண்ணன் அங்கேயே நின்று போனில் ஆர்டர் போட்டான்.

போன வாரம் வரை நன்றாகத்தானே திரும்பியது?

போன வாரம் ஆயுத பூஜை.

வேண்டாம். தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பி.டி. பீரியடில் உட்கார்ந்தே இருந்தேன்.

எழுதிவிட்டால் பாரம் குறையுமா என்று பார்க்கிறேன்.

பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மிக்சி, கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பானர், சைக்கிள், டிவி ரிமோட்கூட. சந்தனம் அம்மா, குங்குமம் நான். அண்ணன் அன்றைக்குத் திலீப் அண்ணா வீட்டில். அவன் வண்டியின் மேல்மூடியில் நான் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கம்பியும் மூட்டும் சேருகிற இடத்தில் எல்லாம் நல்லெண்ணெய் தொட்டு, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். விரல் போகாத இடத்துக்கு ஊதுபத்திக் குச்சி. மேலே வைத்தால் போதாதா என்று கேட்டேன். ஓடுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றாள். இந்த வருஷமாவது இவனுக்கு ஒரு வேலை அமையட்டும் என்று முணுமுணுத்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது, கை நிற்கவில்லை.

ராத்திரி வந்து அண்ணன் மேல்மூடிப் பொட்டைத் துடைத்தான். உள்ளே பார்க்கவில்லை.

அவனுக்குத் தெரிந்தால்? ஜூன் மாதம் அவன் பேன்ட் பாக்கெட்டில் இருந்த இயர்போனோடு அம்மா துணியை ஊறவைத்துவிட்டாள். அண்ணன் டம்ளரை எறிந்தான். சுவரில் பள்ளம் இன்னும் இருக்கிறது, காலண்டரை அதன்மேல் மாட்டியிருக்கிறோம். அப்புறம் பையோடு திலீப் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டான். அம்மா சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரையும் போடவில்லை. கிணற்றடியில் மயங்கி விழுந்ததை முதலில் பார்த்தது நான். கண் பாதி திறந்திருந்தது.

திரும்பி வந்த அன்றைக்கு அண்ணன் சொன்னது: "இனிமே என் பொருள யாராவது தொட்டீங்க, நான் மறுபடி இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது.

புது சர்வோ வந்தது. அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்து மாட்டினான். நான் பக்கத்தில் ஹிஸ்டரி படிப்பதுபோல். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் திரும்பும்போது ஒரு முனகல் சத்தம். கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். கொதிக்கிறது. இதையும் எரித்துவிடப்போகிறேன் என்று தனக்குத்தானே சொன்னான். குரல் உடைந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவன்மேல் பாவமாக இருந்தது.

அம்மா தோசை வேண்டுமா என்று கேட்டாள். அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினான்.

போனில் திலீப் அண்ணாவோடு முடிவு: ஞாயிறு காலை முன்பக்கம் முழுவதும் கழற்றிப் பார்ப்பது.

கழற்றினால் தெரிந்துவிடும்.

நாளைக்கு அண்ணன் மதியம் டெலிவரி. எனக்கு லீவு. வேண்டியவை:
பழைய டூத் பிரஷ்
காது குடையும் பஞ்சு
சானிடைசர்
தைரியம்

அக்டோபர் 11, சனி

அண்ணன் கிளம்பியதும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டியைக் கவிழ்த்தேன். நான் நினைத்ததைவிடக் கனம்.

சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தேன். லேசாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மாவு காய்ந்த கிரைண்டர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. சர்வோ என்ன செய்யும் பாவம். பழசும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இடது பக்க மூட்டுகளில் சானிடைசர் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எண்ணெயும் சந்தனமும் மைதானத்து மண்ணும் சேர்ந்து கல்லாகியிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் தூள் தூளாக வந்தது. சந்தன வாசம். இடது பக்கம் முடிந்ததும் அந்தச் சக்கரம் லேசாகத் திரும்பியது. சிரிப்பு வந்தது எனக்கு.

கதவு திறந்தது. அம்மா. கையில் துணி வாளி.

பிரஷைப் பார்த்தாள். தரையில் இருந்த தூளைப் பார்த்தாள். விளக்கம் எதுவும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, "அவன்ட்ட சொல்லிராதட்டி" என்றாள். அப்பா, அம்மா இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பயம் வந்தால் அம்மாவுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

சொல்லமாட்டேன் என்றேன். தூளை அவளே முந்தானையால் துடைத்தாள்.

வலது பக்கம் தொடங்குவதற்குள் கீழே பைக் சத்தம். மழையில் ஆர்டர் இல்லையாம், சீக்கிரம் வந்துவிட்டான். கம்பியை மாட்டி வண்டியை அதன் இடத்தில் வைக்கத்தான் நேரம் இருந்தது. அவசரத்தில் ஒரு திருகு ஒழுங்காகப் போகவில்லை.

வலது பக்கம் அப்படியே இருக்கிறது. அண்ணன் வண்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி.

காலை. ஹாலில் பேப்பர் விரித்து அண்ணனும் திலீப் அண்ணாவும். அப்பா ஷிஃப்ட் முடிந்து உள்ளே தூக்கம். அம்மா அடுப்படியில் வெங்காயம். நான் அடுப்படி வாசற்படியில்.

வலது சக்கரத்தைக் கழற்றியதும் திலீப் அண்ணா சிரித்தார். "இன்னா மாமே, உள்ள கோயிலே கட்டி வச்சிகீறாங்க. அர்ச்சன சீட்டு எங்க?" விரலில் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை. மூட்டைச் சுரண்டினான், முகர்ந்து பார்த்தான். எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தான். விரலை நீட்டினான்.

"யாரு வச்சது?"

அம்மாவின் கத்தி நின்றது. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்தில் வியர்வை. கிணற்றடி ஞாபகம் வந்தது.

"நான்" என்றேன்.

"உள்ளயா வைப்ப?"

"ஓடுற இடத்துல வைக்கணும்னு நெனச்சேன்."

கையை ஓங்கினான். அடிக்கவில்லை. திலீப் அண்ணா, "உடு மச்சான், பாப்பா தெரியாம செஞ்சிட்ச்சு" என்றார். நெற்றியில் பொட்டோடு. அண்ணன் என்னைப் பார்த்து, கத்தாமல் சொன்னான்: "இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாத."

அம்மா சொல்வாள் என்று நினைத்தேன். இப்போது திரும்புவாள், இப்போது சொல்வாள் என்று. நான்தானே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அவள் கொடுக்கவில்லையே. வெங்காயம் நறுக்குகிற சத்தம் மறுபடி கேட்டது.

அவர்கள் எல்லாவற்றையும் கழுவி மாட்டினார்கள். சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி மைதானத்தில் எட்டுப் போட்டது. பசங்கள் விசில். யாழினியை அவள் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாள் கழித்து.

அவன் போகவில்லை. அம்மா மாத்திரை போட்டாள், பார்த்தேன். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

சாப்பிடும்போது அண்ணனுக்குத் தண்ணீர் வைத்தேன். எழுந்து போய் வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டான்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் முன்னால் அம்மா என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த டைரியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். நாளைக்கு டிபனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். என்னை இதுவரை கேட்டதே இல்லை.

பூரி என்றேன்.

பூரி அண்ணனுக்குத்தான் பிடிக்கும். அது அவளுக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.