சந்தனம் தடவிய வாக்கு

என் அன்புச் சித்தப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கோபம் வந்த இடத்தில் கோபம் வந்தது என்றே எழுதுவேன். நீங்கள் இருந்தால் நடுவில் புகுந்து பகிடி விட்டு என் கோபத்தைக் கெடுத்திருப்பீர்கள். இம்முறை அது முடியாது.

உங்கள் சின்ன மாநிலத்தில் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல். உங்கள் கட்சி தோற்றுவிட்டது. இதையெல்லாம் செய்தி என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் கீழ்ச்சபையில் ஒரேயொரு ஆசனம். அதுவும் எப்போதும் மற்றக் கட்சிக்கே. வாக்களிப்பு முடிந்த கையோடு தொலைக்காட்சியில் வெற்றியாளரின் படம் வந்துவிட்டது. ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாதா?

வழக்கமாக அந்த நேரத்தில் நீங்கள் அழைப்பீர்கள். "தோத்தாச்சு பிள்ளை. நீங்கள் தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்பீர்கள். இன்றும் என் கண் போனுக்குத்தான் போனது.

சித்தி இப்போது எங்களோடு கனடாவில், அஜின்கோர்ட்டில் இருக்கிறார். நீங்கள் போன பிறகு அவரைத் தனியே விட அப்பாவுக்கு மனமில்லை. உங்கள் வீட்டு முற்றத்தில் நட்டிருந்தீர்களே, அந்தத் தெருவிலேயே வேறு யாரும் நடாத உங்கள் கட்சிப் பலகை, அதையும் கொண்டுவந்திருந்தார். அதை எங்கள் வாசலில் போட்டு, பனி ஒட்டிய சப்பாத்துகளை அதன் மேல் வைக்கச் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் வெளிநாட்டில் இருந்தாலும் கடைசியாக வாழ்ந்த மாநிலத்தில் வாக்களிக்கலாம் என்று நூலகத்தில் வாசித்தேன். உடனே ஓடிவந்தேன். அப்பாவும் அவருடைய நண்பர் சிவம் அங்கிளும் வரவேற்பறையில் இருந்து அமெரிக்காவை நடத்திக்கொண்டிருந்தார்கள். இருவரும் கனடியர்கள். வீட்டில் அமெரிக்க வாக்குரிமை உள்ள ஒரே ஆள் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"உந்த ஸ்ரேற்றிலை ஒரு மாட்டை நிப்பாட்டினாலும் அவங்கள்தான் வெல்லுவாங்கள்," என்றார் சிவம் அங்கிள்.

"அப்ப ஏன் அங்கிள் விடியத் தொடங்கி அதையே கதைக்கிறீங்கள்?"

"கதைக்கிறதுக்கு ரக்ஸ் கட்டத் தேவையில்லைப் பிள்ளை."

சித்தி இங்கிருந்தே வாக்களிக்கலாம் என்று சொன்னேன். அப்பா கையை விசுக்கினார். "தம்பி உயிரோடை இருந்தே வெல்லாத எலக்சன். உதுக்கு முத்திரை ஒட்டுறதே வீண்."

சித்தி எண்ணெய்க் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "ஏன் அத்தான், வெல்லுறதெண்டால் மட்டும்தான் வோட் போடவேணுமோ?"

அப்பா ஒரு வடையை எடுத்துத் தன் வாயை அடைத்துக்கொண்டார்.

வாக்குச்சீட்டு வந்தது. சித்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்பினார். வெளியே வர நேரமானது. உங்களை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். ஒட்டிக் கையெழுத்திட்ட உறையை வாங்கிக்கொண்டு நான் சப்பாத்தைப் போட, அப்பா மறித்தார். "பொறு, பொறு. இண்டைக்கு அட்டமி. நாளைக்கு நவமி. அது கழியட்டும்."

வீண் என்று சொன்ன மனிதர் இவர்தான், சித்தப்பா! வீணான காரியத்துக்கும் நல்ல நாள் பார்க்க வேண்டுமா? உறை சாமித்தட்டுக்குப் போனது. வீடு வாங்கிய பத்திரமும் என் பரீட்சை அட்டையும் போன அதே இடம்தான். அடுத்த நாள் பார்க்கிறேன், நான்கு மூலையிலும் சந்தனம். ஒரு மூலையில் வழிந்து கையெழுத்துக்குக் கிட்டே வந்திருந்தது.

"அப்பா! இதைப் பார்த்திட்டுக் கழிச்சுப்போட்டால்?"

"சந்தனம் பட்டதை ஆரும் கழிப்பினமோ?"

"அவைக்குச் சந்தனம் எண்டால் என்னெண்டு தெரியுமே? ஆரோ ஹொட்டோக் சாப்பிட்டுட்டு மஞ்சள் கடுகுச் சோசைத் துடைச்சதெண்டு நினைப்பினம்!"

நீங்கள் போன பிறகு சித்தி சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

நவமி கழிந்ததும் நானே தபாலில் போட்டேன். அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அந்த மாநிலத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பதுதான். வரவில்லை, வரவில்லை என்றே இருந்தது. அந்த மாநிலத்தில் உங்களுக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு வாக்குத்தான், அதையும் ஒரு பொட்டுச் சந்தனத்துக்காக இழக்கப் போகிறோம் என்று நினைத்து அப்பாவோடு நான் சரியாகப் பேசவேயில்லை. நேற்றுத்தான் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

அதனால் இன்று தோற்றபோதும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. "சித்தி, சித்தப்பாவின்ரை வோட்டைக் காப்பாத்திப் போட்டம்," என்றேன்.

சித்தி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அது அவரின்ரை வோட் எண்டு ஆர் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை.

"நான் ஒருநாளும் அவரின்ரை கட்சிக்குப் போட்டதில்லைப் பிள்ளை. ஒரே காரிலைதான் போவம். அவர் அங்காலை போடுவார், நான் இங்காலை போடுவன். வரேக்கை கோப்பி குடிப்பம். 'ரெண்டும் வெட்டுப்பட்டுப் போச்சு, வீட்டிலையே படுத்திருக்கலாம்' எண்டு பேசுவார். ஆனா அடுத்தமுறையும் முதல் காரிலை ஏறுறது அவர்தான்."

"இந்தமுறை எண்டாலும் அவருக்காக..."

"அவர் செத்துப்போனார் எண்டதுக்காக என்ரை எண்ணத்தை மாத்துறதோ? மாத்தினால் அவரே கோவிப்பார்."

நான் ஓடிய ஓட்டமெல்லாம், அட்டமி நவமியோடு போட்ட சண்டையெல்லாம், உங்களைத் தோற்கடிக்கவா? ஒவ்வொரு தேர்தலிலும் என்னோடு பேசினீர்களே, இதை ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை? உங்களுக்கு அது அவ்வளவு சாதாரணமா?

நல்ல கோபத்தில்தான் எழுந்தேன். சித்தி தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்சிதான் வென்றிருந்தது. "இந்தமுறை என்ரை வோட்டை வெட்ட ஆளில்லை," என்றார். வென்றவர் பேசுவது போல அது இருக்கவில்லை. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தேர்தலுக்கும் சித்தியின் உறையை நானே தபாலில் போடுவேன், சித்தப்பா. அது உங்களுக்கு எதிரான வாக்கு என்று தெரிந்தே போடுவேன். அப்பாவைச் சந்தனக் கிண்ணத்துக்குக் கிட்டே விடமாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்துக்கும் யாராவது வேண்டுமே. வாசலில் கிடந்த உங்கள் பலகையைக் கழுவித் துடைத்து என் யன்னலில் வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் உங்கள் கட்சிக்கு வாக்களிக்கக் கூடிய ஒருவரும் இல்லை. அது உங்களுக்குப் பழக்கம்தானே?

சித்தி என் அறைப் பக்கம் வந்தார். பலகையைப் பார்த்தார். அது சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். கீழே அப்பா, "எலக்சன் முடிஞ்சுதெல்லோ, கறன்ற் பில் ஆர் கட்டுறது?" என்று சத்தம் போட்டபடியே ஒவ்வொரு லைற்றாக நூர்த்துவிட்டார்.

என்றும் உங்கள் பெறாமகள்,
அபி