ஐந்து கேன் பழைய பெற்றோல்

இன்று காலை பெற்றோல் செட்டில் குழாய் துப்பியதில் என் சட்டைக் கை நனைந்துவிட்டது. வேறு எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான். நான் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் பார்த்த பார்வையைப் பார்த்தால், நாளைக்குள் மாத்தளை முழுக்க என்னைப் பற்றி ஒரு செய்தி பரவிவிடும். நீ இருந்திருந்தால் முதல் ஆளாக நீயே பரப்பியிருப்பாய்.

சிலர் பிரியாணிச் சட்டியைத் திறந்து முகர்வதுபோல் நீ பெற்றோல் கேனைத் திறந்து கண்ணை மூடுவாய். போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம், ஊரே சந்தோஷமாக இருந்தபோது நீ மட்டும் துக்கம் கொண்டாடினாய். இனி ஈயம் கலந்த பெற்றோல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

"ஈயம் இல்லையெண்டா வால்வு உக்காருற இடம் தேஞ்சு போகும் மச்சான். பழைய எஞ்சினுக்கு அதுதான் மெத்தை" என்றாய்.

"மெத்தை இல்லாம நானும்தான் தூங்குறேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த மொரிஸ் மைனர் கார் உன் அப்பா வாங்கியது. வேலை பார்த்த கலேவெலக் கந்தோரில் மேசையிலேயே சாய்ந்து அவர் இறந்தபோது, உன் அம்மா மூடிய பாதைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தார். முகம் பார்க்கக்கூட வர முடியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து வரப்போகிறவர், தம்புள்ளை வரை பஸ்ஸில் வருவேன், அங்கிருந்து அப்பாவின் காரில்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணமே கட்டாமல் அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நீ. "காரைக் கட்டிக்கிட்டவருக்கு எதுக்குங்க பொண்டாட்டி" என்பாள் என் மனைவி.

ஆகவே கடைசி ஈயப் பெற்றோலை ஐந்து கேனில் சேர்த்தாய். உன் குவாட்டர்ஸில் வைக்கப் பயம். பக்கத்து வீட்டு ஓவசியர் மனைவிக்கு உன் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும். யாழ்ப்பாணத்தான் வீட்டில் ஐந்து கேன் பெற்றோல் என்றால், சமாதான காலத்திலும் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். என் பலசரக்குக் கடைக் கொட்டிலில் கேன் நின்றால் தேங்காய் எண்ணெய் என்று எவரும் கடந்து போய்விடுவார்கள். அங்கே கொண்டுவந்து வைத்தாய்.

இனி வருவது நான் செய்த கேவலம். ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் சைக்கிளில் சொட்டுப் பெற்றோல் இல்லை. செட் வரை தள்ளச் சோம்பல். உன் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். மறுநாள் புதிய பெற்றோல் வாங்கி அதே மட்டத்துக்கு நிரப்பிவிட்டேன். யோக்கியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. அம்மா வருகிற நாள் வந்தபோது ஐந்து கேனும் ஈயத்தைத் துறந்த துறவிகளாகியிருந்தன.

தம்புள்ளைக்குப் புறப்படும் காலையில் நீ கேனைத் திறந்து முகர்ந்தாய். நான் கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"இதுதான் மச்சான் பெற்றோல்" என்றாய், கண்ணை மூடியபடி.

திரும்பும்போது அம்மா முன் இருக்கையில். நான் பின்னால், அம்மா கொண்டுவந்த பனங்கட்டி ஓலைக் குட்டானுக்கும் ஊறுகாய்ப் போத்தலுக்கும் நடுவில். நாலந்தை ஏற்றத்தில் எஞ்சின் முனகியபோதெல்லாம் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். கார் தன்பாட்டுக்கு ஏறியது. "பழைய பெற்றோல் அம்மா. அதாலதான் இப்பிடி ஓடுது" என்றாய். பின்னால் திரும்பி என்னையும் சாட்சிக்கு அழைத்தாய். நான் தலையாட்டினேன்.

சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் ஒரு மாதம் கழித்து அம்மா கேட்டார்: "அப்பா கடைசியா இருந்த கந்தோரை ஒருக்காக் காட்டுவியே?"

"ஒரு கேன்தான் மிச்சம் அம்மா. கலேவெலைக்குப் போய்வந்தா காருக்கு ஒண்டுமில்லை. பஸ்சில கூட்டிக்கொண்டு போறன்."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் அங்கேதான் இருந்தேன், அவர் போட்ட தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மச்சான், அது பழைய பெற்றோல் இல்ல" என்றேன்.

"எது?"

"கேன்ல இருக்கிறது. பழசை நான் பைக்குக்கு ஊத்திட்டேன். புதுசு வாங்கி நிரப்பி வச்சேன்."

"எத்தினை கேன்?"

"அஞ்சும்."

"அம்மாவை ஏத்தி வந்தது?"

"அதுவும் புதுசுதான்."

நீ என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு நேரே உக்குவளை பாஸிடம் போனாய். அந்தச் சிங்கள மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றி, மெல்லிய தகடு விட்டு வால்வுகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தார். வால்வு தேய்ந்து உள்ளே போயிருந்தால் அந்த இடைவெளி குறைந்திருக்க வேண்டும். ஒரு மயிரிழையும் குறையவில்லை.

"மாத்தயா ஓட்ற ஓட்டத்துக்கு வால்வு எங்க தேயிறது? மாட்டு வண்டி ஹோர்ன் அடிக்குது பின்னுக்கு" என்று உன்னைக் கேலி செய்தாராம். இதை நீ சொல்லவில்லை. பாஸ் சொல்லி நான் அறிந்து, கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சொன்னது.

அன்று மாலை கடைக்கு வந்தாய். மல்லி வாங்க நின்ற பெண்களுக்கு முன்னால் சாவியைத் தராசுத் தட்டில் போட்டாய்.

"நாளைக்குக் கலேவெல. நீதான் ஓட்டுறாய். கள்ளனைப் பின்னுக்கு இருத்திக்கொண்டு என்னால ஓட்டேலாது."

ஓட்டினேன். கந்தோருக்கு முன்னால் அம்மா இறங்கி, அப்பாவின் யன்னல் எது என்று கேட்டார். நீ காட்டினாய். "நல்லாக் காத்து வந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சிறுபிள்ளைபோல் பேசிக்கொண்டே வந்தார். தண்டனையை மட்டும் நீ கடைசிவரை குறைக்கவில்லை. அம்மா எங்கே போனாலும் நான்தான் சாரதி. நீ பின்னால் உட்கார்ந்து குறை சொல்லும் அதிகாரி.

நீ போய்ச்சேர்ந்த பிறகு அம்மா எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். அவரும் என் மனைவியும் ஒரு கட்சி. எதிர்க்கட்சிக்கு நான் ஒருவன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு அதே கார், அதே முன் இருக்கை.

"தம்பி, அவன் இப்பிடிக் கியரை முறிக்கமாட்டான்" என்கிறார் ஒவ்வொரு வாரமும்.

"நான் கள்ளன்தானே அம்மா, அப்படித்தான் ஓட்டுவேன்" என்கிறேன்.

சிரிக்கிறார். கோயில் வாசலில் என் தோளைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டு இறங்குகிறார்.