நான் ஒட்டிய பச்சை

2014 நவம்பர், சனி இரவு

பாரிஸ் லாச்சப்பலில் நான் வேலை செய்யும் சிவா அண்ணையின் வீடியோக் கடைக் கணினி, வைரஸ் சோதனை ஓடும்போதெல்லாம் நகராது. “கடை பூட்டினாப்பிறகு சோதிக்கிற மாதிரி மாத்திவிடடா” என்றார் போன மாதம்.

“இது காவல்காரன் இல்லை அண்ணை, காலைக் கட்டுற கயிறு” என்றேன். அண்ணைக்குச் சொல்லாமல் காவல் மென்பொருளையே நிறுத்திவிட்டு, அது ஓடுவதாகக் காட்டும் பச்சை அடையாளத்தைப் படமாகத் திரையில் ஒட்டினேன். கணினி பறந்தது. அண்ணை தேநீர் வாங்கித் தந்தார்.

இன்று யாரோ தந்த பென்டிரைவிலிருந்து வந்த வைரஸ், ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீட்டு வீடியோவை அழித்துவிட்டது. வேறு பிரதி இல்லை. ஆர்ஜொந்தெய் புறநகரிலிருந்து வந்த அவளின் தகப்பன், கணினிக்குப் பொறுப்பான என்னைப் பார்த்துக் கத்தினார்.

“பொடியனை ஏசாதையுங்கோ. பச்சை எரிஞ்சதைப் பாத்து நான்தான் பென்டிரைவைச் செருகினனான். என்ர பிழைதான்” என்றார் அண்ணை.

அது நான் ஒட்டிய வெறும் படம் என்று சொல்லாமல், கடையைப் பூட்ட உதவிவிட்டு வந்தேன். பூட்டிய கடைக்குள் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது.