நாலு கிழமையும் மூன்று நாளும்

வியாழக்கிழமை, இரவு.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்று காலை கீரிமலையில் முடிந்தது. சாம்பலைக் கடலில் கரைத்தது பெரியண்ணை. தாய்க்குக் கடைசி மகன் என்ற முறையில் கரைக்க வேண்டிய தம்பி பின்னேரம் ஆறு மணிக்குத்தான் கனடாவிலிருந்து வீடு வந்து சேர்ந்தான். செத்தவீட்டுக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

பிழை என்னுடையது. அம்மா செத்தது ஒரு செவ்வாய். முப்பத்தொரு நாள் என்றால் நாலு கிழமையும் மூன்று நாளும், ஆகவே வெள்ளி என்று போனில் சொன்னேன். "இவ்வளவு படிச்சும் உனக்கு விரல் மடிச்சு எண்ண அக்கா வேணுமோடா?" என்று பகிடியும் விட்டேன். அவன் சிரித்தான். வியாழன் பின்னேரம் வந்து சேர ரிக்கெற் போட்டான்.

செத்த நாளையே முதலாம் நாளாக எண்ண வேண்டும். எத்தனை வீட்டு அந்தியேட்டிச் சோறு தின்றிருக்கிறேன், அது நினைவுக்கு வரவில்லை. நேற்று ஐயர் வந்து, "நாளைக்கு விடிய வெளிக்கிடுங்கோ" என்றபோது தம்பி விமானத்தில் இருந்தான். ஒரு நாள் தள்ளலாமோ என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

தம்பி பெட்டியைக் கீழே வைக்காமல் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"முப்பத்தோராம் நாளடா."

"அப்ப நான் நாள் பிந்தேல்லை."

ஊரையே நக்கலடிக்கிற வாயால் சோறு போடட்டோ என்று மட்டும் கேட்டேன்.

பெட்டியை அவன் இன்னும் திறக்கவில்லை. கீரிமலையில் கட்டவென்று வாங்கிய வேட்டி அதற்குள் இருக்கிறதாம்.