ரோசின் போடாத வில்

ஸ்ரீபெரும்புதூர்,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு.

அன்புள்ள ஷாலினுக்கு,

மேதா எழுதுகிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்குக் கோவில் வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டும் வழக்கம்போல.

எதற்குக் கடிதம் என்று கேட்க மாட்டாய். பொங்கலுக்குப் பிறகு ஒன்பது முறை உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் அம்மா அற்புதமேரிதான் எடுத்தார்கள். "அவ உறங்குதா மக்களே" என்றார்கள். காலை பதினோரு மணிக்கும் அதையேதான் சொன்னார்கள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதோடு வரும் நீளமான அட்டைக் குழாயில் ஒரு வயலின் வில் இருக்கிறது. கார்பன் ஃபைபர். உன்னுடைய மர வில் ஊருக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் கடல் காற்றில் வளைந்துவிடுகிறது என்று சொல்வாய். இது வளையாது, ஈரமும் ஏறாது. அதனால்தான் வாங்கினேன்.

வாங்குவதற்கு முன்பு இரண்டு வாரம் இதைப் பற்றியே படித்தேன். எடை, விறைப்பு, குதிரை முடியின் தரம், குச்சியின் வளைவு என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு. கம்பெனி கேன்டீனில் நீ எல்லோர் முன்னாலும் சொல்வாயே, "மேதாக்காவுக்குப் பசி வந்தாக்கூட புஸ்தகத்தப் பாத்துதான் சாப்பிடுவாங்க" என்று. நான் மாறவே இல்லை.

போன ஞாயிறு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போய், ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். நம்பிராஜன் என்பவரின் இசைக்கருவிக் கடை. மூன்று பேர் நின்றால் நான்காமவர் படியில் நிற்க வேண்டும். மலிவாக ஒன்று இருந்தது. அது வெறும் ஃபைபர் கிளாஸ், மேலே கார்பன் நெசவு மாதிரி ஒட்டியிருக்கிறார்கள் என்று அவரே நகத்தால் சுரண்டிக் காட்டினார். மிக விலையுயர்ந்தவற்றை நான் கேட்கவே இல்லை. நடுவில் இரண்டு மிஞ்சின. என் கம்பெனி அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, சாம்பிள் வில் இரண்டையும் ஒரு வாரம் வைத்திருக்கக் கொடுத்தார்.

மறுநாளே அவற்றைக் குவாலிட்டி அறையில் எடைபோட எடுத்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மாரிமுத்து அண்ணன் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, செம்பரம்பாக்கத்துல மீன் புடிக்கப் போறியா?" என்றார். உனக்கு என்று சொன்னேன். அப்புறம் கேலி இல்லை. ரெஜிஸ்டரில் 'வயலின் குச்சி இரண்டு' என்று எழுதிக்கொண்டு, அந்தப் பொண்ணு எப்படிக் கீது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஒன்று ஐம்பத்தேழு கிராம், இன்னொன்று அறுபத்தொன்று. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பில் வைத்து எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்றும் பார்த்துக் குறித்தேன். எடை மேசைக்குப் பக்கத்து ஆணியில், பிரஸ் மெஷின்களின் சென்சாரைச் சோதிக்கும் டெஸ்ட் ராடு தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் கறுப்புதான். அதைப் பார்க்காத மாதிரி வேலையை முடித்தேன்.

வீட்டில் நாலு நாள் இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு கிராம் வில் அருமையாக ஓடியது. லேசானதுதான் உன் கைக்கு நல்லது என்று முடிவும் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் துணியில் சுற்றும்போதுதான் நான் செய்த தப்பு தெரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்து வாசிப்பவள். என் வயலின் மார்பிலிருந்து காலை நோக்கிச் சரிந்து கிடக்கும், வில்லின் பாரத்தில் பாதியைக் கம்பியே வாங்கிக்கொள்ளும். நீ நின்றுகொண்டு, தாடைக்கடியில் வைத்து வாசிப்பவள். இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் என் எதிரில்தானே நின்றாய். நான் உன் சுருதிக்கு வருவதா, நீ என் சுருதிக்கு வருவதா என்று பத்து நிமிஷம் சண்டை போட்டுவிட்டுத்தானே ஆரம்பிப்போம். அதைக்கூட மறந்து, உட்கார்ந்துகொண்டு, ஐந்து விரலாலும் பிடித்து உனக்கு வில் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன். உன்னைப் போலத் தாடைக்கடியில் வயலினை வைத்து வில்லை இழுத்தேன். நுனி உடனே தலை குப்புறச் சாய்ந்தது. கைப்பக்கம் வரும்போது வில்லைச் சமமாக வைத்திருப்பது சுண்டு விரல்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். எட்டு வயதிலிருந்து வாசிக்கிறேன். அறுபத்தோரு கிராம் வில்லில் பாரம் கைப்பக்கம் இருந்ததால் கொஞ்சம் மெதுவாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. உன் கைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வில்லை யாரும் செய்திருக்கவில்லை, ஷாலின். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்று காலை மறுபடி கடைக்குப் போய், அதே மாதிரி டேப் சுற்றிக்கொண்டு நின்றேன். நம்பிராஜன் என் கையைப் பார்த்தார். யாருக்கு என்றோ என்ன ஆயிற்று என்றோ கேட்கவில்லை. அறுபத்தோரு கிராம் வில்லை எடுத்து, வழக்கமான இடத்தில் பிடிக்காமல் நாலு விரற்கடை மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னார். நுனி நின்றது. வில்லில் நீளம் குறையும், நீண்ட சுரத்துக்கு இரண்டு தரம் இழுக்க வேண்டியிருக்கும் என்றார். நாலு இழுப்பு ஒழுங்காக வந்தது. ஐந்தாவதில் வில் நழுவிக் கல் தரையில் விழுந்து உருண்டது. நான் பதறிக் குனிந்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"விழட்டும்மா. அதுக்குத்தானே கார்பன்" என்றார்.

கடல் காற்று என்று மேலே எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் காரணம் இதுதான். நீ கீழே போடுவாய், போட்டால் உடையக் கூடாது என்றுதான் கார்பன் தேடினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நவம்பர் பதினெட்டாம் தேதி காலை லைன் நாற்பது நிமிஷம் தாமதம். சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பத்து பிரஸ்ஸிலும் அந்தக் கறுப்பு ராடைக் கை போல சென்சாருக்கு முன்னால் நீட்டி, மெஷின் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் செக் ஷீட்டில் டிக் போட வேண்டும். நாலு மெஷினில் நீட்டினேன். மீதி ஆறுக்கும் வரிசையாக டிக் மட்டும் போட்டேன். உன்னுடையது ஏழாவது. அன்று உன் இரண்டு விரலும் போனது அதில்தான்.

காலையில் சென்சார் சரியாக இருந்தது, ஆகவே கவனக்குறைவு உன்னுடையது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் என் டிக். மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேன். ஏன் என்று இங்கே எழுதிப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை, அதை விட்டுவிட்டு வேறு தாளில் மாற்றி எழுதுகிறேன். போன வியாழக்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, ரிப்போர்ட் போயாச்சு, போய் உன் வேலையைப் பார் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பத்து மெஷினிலும் ராடை நீட்டுகிறேன். பத்தும் நிற்கின்றன.

இந்தக் கடிதத்தில் முழுப்பெயரும் கையெழுத்தும் போடுகிறேன். அம்மாவிடம், உங்கள் பங்குத்தந்தையிடம், வக்கீலிடம், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. யார் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் நீ ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

மாரிமுத்து அண்ணன் வல்லக்கோட்டை முருகன் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாராம். ஐயர் நட்சத்திரம் கேட்டதும் முழித்து, கடைசியில் தன் மனைவியின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டாராம். நீ சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

நான் வாசித்தது கடையின் சாம்பிள். உனக்கு வருவது அதே அறுபத்தோரு கிராம் வகையில் யாரும் வாசிக்காத புதியது. நாலு விரற்கடை மேலே நம்பிராஜன் மெல்லிய ரப்பர் சுற்றிக் கொடுத்திருக்கிறார், பிடிக்காவிட்டால் உருவி எடுத்துவிடலாம். முடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடு. பதினைந்து நாளுக்குள் என்றால் கடையில் எடுத்துக்கொள்வார்கள், முடியில் தேய்க்கிற ரோசின் பிசின் படாமல் இருந்தால்.

புது வில் என்பதால் அதில் ரோசின் இல்லை. இப்படியே இழுத்தால் கம்பியில் வழுக்கும், சத்தமே வராது, உனக்குத் தெரியாததா. போட்டுத் தரட்டுமா என்று நம்பிராஜன் கேட்டார். வேண்டாம் என்றேன். அது திரும்பி வந்தால் குழாயைப் பிரித்து, முடியை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டினால் போதும், நீ ஒரு தரமாவது வாசித்துப் பார்த்தாய் என்று தெரிந்துகொள்வேன். நீ பதில் எழுத வேண்டாம், போனையும் எடுக்க வேண்டாம். கடையில் அதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். எடுக்காமலே இருக்கட்டும்.

உன் நலம் வேண்டும்,
பா. மேதா
(பாஷ்யம் மகள்)