பார்க்காத டைபிரேக்கர்

பிப்ரவரி 6, வியாழன்

ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்தான் பேச்சு. ஒரகடம் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் பெண்கள் கால்பந்தில் எங்கள் கம்பெனி முதல் தடவையாகப் பிளேஆஃப் வரைக்கும் வந்துவிட்டது. ஜெயித்தால் பைனல். அதற்குள் ஆளாளுக்கு ஞானம் பிறந்துவிட்டது. பந்து கையில் பட்டால் ஏன் விசில் அடிக்கிறார்கள் என்று போன மாதம் என்னிடம் கேட்ட கனகலட்சுமி, இன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே யார் எங்கே நிற்க வேண்டும் என்று வகுப்பெடுத்தாள்.

அவளும் நானும் பேச்சியும் ஒரே அறை. பேச்சிதான் கோல்கீப்பர். அவளுக்கு இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. சூப்பர்வைசர் டில்லிபாபு எங்கள் லைனையும் பார்க்கிறார், டீமுக்கு மேனேஜரும் அவர்தான். “பைனல் வரிக்கும் போய்ட்டா போதும்மா, ரினியூவலுக்கு உன் பேர நானே எய்திக் குட்த்துர்றேன்” என்று சொல்லியிருக்கிறார். பேச்சி நம்புகிறாள். கால்பந்தைப் பற்றி டில்லிபாபுவுக்குத் தெரிந்தது அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்.

பிப்ரவரி 8, சனி

ரசிகர்களுக்கு டி-ஷர்ட் வந்துவிட்டது. விளையாடுகிறவர்களுக்கு ஜெர்சி இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தோற்றுவிட்டோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சிறப்பு விருந்தினர் என்று ஒரு மேலதிகாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்து கைகொடுக்கிற வரைக்கும் இரண்டு அணியும் வெயிலில் வரிசையாக நின்றன. அவர் வந்தார், ஒரு பந்தை உதைத்தார், ஷூவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் கெட்டது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று முடிந்து, டைபிரேக்கர், அணிக்கு ஐந்து பெனால்டி அடி என்று அறிவித்த நேரத்தில் செகண்ட் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸை விட்டால் அரை நாள் லீவ், மேலே ஒரு மெமோ. டி-ஷர்ட் கூட்டம் மொத்தமும் எழுந்து ஓடியது. டில்லிபாபு முதல் ஆளாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். ஏறியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு வார ஆஃப். இல்லையென்றால் நானும்தான் ஏறியிருப்பேன்.

நம் பக்கம் பார்க்க மிச்சம் இருந்தது நான், வாட்ச்மேன், ஒரு நாய்.

பேச்சி இரண்டு பந்தைப் பிடித்தாள். இரண்டு! ஒன்றை விரல் நுனியால் தள்ளினாள், இன்னொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். நம் ஆட்களோ ஒன்றைக் கம்பத்தில் அடித்தார்கள். ஒன்றை எதிர் கீப்பர் கையில் உருட்டிக் கொடுத்தார்கள். கடைசி அடி கேப்டன் மதிவதனி. அதைப் போட்டிருந்தால் சமன். அவள் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே, காம்பவுண்டு சுவருக்கும் மேலே போய், ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரிக்கு முன்னால் விழுந்தது. அவ்வளவுதான்.

ஜெயித்த பச்சை ஜெர்சிப் பெண்கள் வந்து பேச்சிக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நம் பக்கம் கைகொடுக்க ஆள் இல்லை. ஆள்தான் பஸ்ஸில் போய்விட்டதே.

பிப்ரவரி 10, திங்கள்

கேன்டீனில் நுழைந்ததும் காதில் விழுந்தது — பேச்சி கோட்டை விட்டுவிட்டாளாம்.

யார் சொன்னது? பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே டில்லிபாபுவுக்கு போட்டி நடத்தியவர்களிடமிருந்து ‘டைபிரேக்கரில் தோல்வி’ என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அவர் எழுந்து நின்று, “கீப்பர் வுட்டுட்டாப்பா” என்று அறிவித்திருக்கிறார். டைபிரேக்கரில் தோற்றால் கீப்பர்தான் விட்டிருக்க வேண்டும் — அவர் கணக்கு அது. பஸ் வல்லம் வடகால் தாண்டுவதற்குள் அவள் எந்தப் பக்கம் பாய்ந்தாள், எந்தப் பக்கம் பாய்ந்திருக்க வேண்டும், எப்போது கண்ணை மூடினாள் என்பது வரைக்கும் கதை தயார். பஸ் ஜன்னலில் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு போன கூட்டம், பார்க்காத ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைக்கிறது. வெட்கமே கிடையாதா?

ரூமுக்கு வந்தால் கனகலட்சுமி.

“அவ தூங்கிக்கிட்டே நின்னாளாம்லா?”

“நீ பாத்தியாட்டி?”

“பஸ்ல எல்லாரும் சொன்னாவ.”

“பஸ்ல எல்லாரும் பஸ்லதானட்டி இருந்தாவ!”

மேல்கட்டிலில் பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் பேசாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

என் போனில் வீடியோ எடுத்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. சாட்சி இருக்கிறது என்று டில்லிபாபுவிடம் ஓடினேன். அதற்கு முன்னால் ஒரு தடவை நானே போட்டுப் பார்த்திருக்கலாம். குதித்துக்கொண்டே எடுத்த வீடியோவில் வானம் இருக்கிறது, என் செருப்பு இருக்கிறது, ‘புடிச்சிட்டா, புடிச்சிட்டா’ என்று பேய் மாதிரி நான் கத்துவது இருக்கிறது.

“இதுல பால் எங்கம்மா கீது?” என்றார் டில்லிபாபு.

இன்றைக்கு என்னைவிட முட்டாள் இந்தக் கம்பெனியில் யாரும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

மதிவதனியைக் குவாலிட்டி செக்‌ஷன் வாசலில் பிடித்தேன். அவள் வாலாஜாபாத்துக்காரி, பர்மனென்ட். டீமில் மற்றவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட், வாயைத் திறக்க மாட்டார்கள்; அவளுக்கு ரினியூவல் பயம் கிடையாது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே என்றேன்.

“நான்தான் வெளிய அட்ச்சேன்னு மைக் வெச்சு சொல்லணுமா? பேச்சியே கம்முனு கீறா. நீ இன்னாத்துக்கு குதிக்கிற, தங்கமாரி?”

கேப்டனாம். கையில் பட்டை கட்டிக்கொண்டால் ஆகிவிடுமா?

பிப்ரவரி 13, வியாழன்

ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சிக்குத் தூங்குமூஞ்சி ஸ்டிக்கர் போட்டவர்களைத் திட்டினேன், குரூப்பிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டார்கள். காரணம்: டீம் ஸ்பிரிட் இல்லையாம்.

பிப்ரவரி 17, திங்கள்

ரினியூவல் லிஸ்டில் பேச்சி பெயர் இல்லை.

நானே போய்க் கேட்டேன். டில்லிபாபு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் இன்னாம்மா பண்றது? மேல பர்பாமன்ஸ் இன்னான்னு கேக்கறாங்க.” லைனில் அவள் பூட்டுகிற ஸ்க்ரூவுக்கும் டைபிரேக்கருக்கும் என்ன சம்பந்தம்? ஜெயித்திருந்தால் நான்தான் ஜெயிக்க வைத்தேன் என்று மேலே சொல்லியிருப்பார். தோற்றதற்கு ஒரு ஆள் வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் என்றால் வசதி, அடுத்த மாதம் எதிரில் வந்து நிற்க மாட்டாள்.

பேச்சி ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் நன்றாகப் பேசினாள். லிஸ்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பச்சை ஜெர்சிக்காரர்கள் தங்கள் பெருமைக்காக டைபிரேக்கர் முழுவதையும் வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். பேச்சி பிடித்த இரண்டும் பளிச்சென்று தெரிகிறது. மதிவதனியின் பந்து சுவரைத் தாண்டுவதும்தான். கனகலட்சுமிக்கு அனுப்பினேன், லைனில் நம்பர் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினேன். இனி வரிசையாக வந்து பேச்சியிடம் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

ஒருத்திகூட வரவில்லை. சாயங்காலத்துக்குள் மதிவதனி முகத்தைக் கன்டெய்னர் லாரியில் ஒட்டிப் படம் போட்டுவிட்டார்கள். பேச்சிக்குப் போட்ட அதே தூங்குமூஞ்சி ஸ்டிக்கர், அதே ஆட்கள். பெயர் மட்டும் வேறு. “அந்தக் கேப்டன் சரியில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்கிறாள் கனகலட்சுமி. எந்த அன்றைக்குடி?

கனகலட்சுமி போனில் லாரிப் படத்தைப் பார்த்து முதலில் நானும் சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை.

“அடிக்கப் போனவதானட்டி வெளிய அடிப்பா. பஸ்ல போனவளா அடிப்பா?” என்றாள். இந்தப் பத்து நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீடியோவை ஊர் பூராவும் அனுப்பியது நான்தானே?

பிப்ரவரி 21, வெள்ளி

கேன்டீனில் மதிவதனி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிகளை வேறு மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், நாற்காலி இல்லாததால் நின்றபடியே அவளுக்கு எதிரில் சாப்பிட்டாள். மதிவதனி குனிந்துகொண்டு அழுதாள். டைபிரேக்கருக்கு இல்லாத கூட்டம் இதை மட்டும் கண் இமைக்காமல் பார்த்தது. நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பேச்சி காலி செய்துவிட்டாள். பச்சை ஜெர்சிக் கம்பெனியின் கோச் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, பழைய கீப்பர் கல்யாணமாகிப் போய்விட்டாள், நீ வருகிறாயா என்று கேட்டாராம். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். ஹாஸ்டலும் அங்கேயே. ஒரு பை, ஒரு பக்கெட், கையுறை. “போய்ச் சேந்துட்டு போன் பண்ணுதேன்” என்றாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் மேல்கட்டில் தனக்கு வேண்டும் என்றாள் கனகலட்சுமி. பேன் காற்று அங்கேதான் வருமாம்.

மார்ச் 23, ஞாயிறு

அவர்களோடு நட்பு ஆட்டம். நட்பு என்று பேனரில்தான் இருந்தது. நம் கூட்டம் பேச்சியைப் பார்த்ததும் ‘துரோகி’ என்று ஆரம்பித்தது. வேலையை விட்டுத் துரத்தியவர்களே துரோகி என்கிறார்கள். டில்லிபாபு பக்கத்து ஆளிடம், “இன்னா கீப்பர் தெரியுமா? நான்தான் கண்ட்புட்ச்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். காறித் துப்பலாம் போல இருந்தது. எழுந்து போய்ப் பேச்சியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இரண்டாம் பாதியில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தது மதிவதனி. பட்டை அவள் கையில் இல்லை, வேறு யாரோ கட்டியிருந்தார்கள். நம் கூட்டத்திலேயே யாரோ ‘லாரி, லாரி’ என்றார்கள். பேச்சி பிடிக்க வேண்டும், இவர்கள் மூஞ்சியில் கரி பூச வேண்டும் என்று நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

பேச்சி திரும்பாமலே சொன்னாள்: “சத்தம் போடாதட்டி. அவள நிம்மதியா அடிக்க விடு.”

வாயை மூடிக்கொண்டேன்.

மதிவதனி தரையோடு இடது மூலைக்கு அடித்தாள். பேச்சி முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. கோல். லாரி என்று கத்திய வாயெல்லாம் மதிவதனி, மதிவதனி என்று கத்தியது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேச்சி முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “நல்ல அடி, என்னட்டி?” என்றாள் என்னிடம்.

“நல்ல அடி” என்றேன்.