வெள்ளைக் கோட்டு

வியாழக்கிழமை, இரவு.

மகளின் கன்னத்துத் தழும்பை லேசரில் எடுக்கப் பழங்காநத்தத்தில் ஒரு மெடிக்கல் ஸ்பாவுக்குப் போனோம். வெள்ளைக் கோட்டு போட்டு வந்த ஒரு பிள்ளையைப் பார்த்ததும் நான் எழுந்து கும்பிட்டு, முழங்கால் வலியைச் சொல்லி, கேட்காமலே நாக்கையும் நீட்டினேன்.

"நான் ரிசப்ஷன், அங்கிள்" என்றது அந்தப் பிள்ளை.

லேசர் மெஷினோடு நின்ற இன்னொரு வெள்ளைக் கோட்டிடம், "நீங்களாச்சும் டாக்டராம்மா?" என்றேன்.

"டாக்டர் சனிக்கிழமை மட்டுந்தான் வருவாரு. நாங்களே செஞ்சிருவோம்."

"அப்ப சனிக்கிழமையே வாரோம்" என்று மகளை இழுத்து வந்துவிட்டேன்.

"மானத்த வாங்கிட்டீங்கப்பா" என்றவள் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தாள். சாப்பிடவும் வரவில்லை. முகம் வெந்துபோனால் மாற்று முகமா வைத்திருக்கிறாள்? பெயரில் மெடிக்கல் இருந்தால் உள்ளே டாக்டர் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான்.

இப்போது கதவருகே வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"சனிக்கிழமை போவோம். ஆனா நீங்க நாக்க நீட்டக் கூடாது."